காத்தான்குடி மணலில் பேரீச்சை: சகாராச் சோலைகளின் கைவேலையை நம் வளவில் செய்வது எப்படி

கிழக்கிலங்கையின் காத்தான்குடிப் பிரதான வீதியின் நடுவே பேரீச்ச மரங்கள் நிற்பதைப் பார்த்துவிட்டு வளவிலும் ஒரு கன்று நட ஆசைப்படுபவர்கள் நிறையப் பேர். நட்ட கன்று வளர்ந்தும் விடுகிறது. பாளை விட்ட பிறகுதான் ஏமாற்றம்: விதையில்லாத பொடிக் காய்கள், அல்லது பழுக்கும் முன்பே வெடித்துப் புளித்த குலைகள். சகாராப் பாலைவனச் சோலைகளில் இந்த மரம் தன்பாட்டில் காய்ப்பதில்லை. ஆண் பூவை எடுத்துப் பெண் பாளையில் வைப்பது, குலையைக் குறைத்துக் கட்டுவது, தண்ணீரை அளந்து விடுவது என்று அங்கே ஆண்டு முழுவதும் ஆள்வேலை இருக்கிறது. மரம் நம் ஊருக்கு வந்துவிட்டது. அந்த வேலை இன்னும் வரவில்லை. சோலைகளிலும் இன்று எல்லாம் மாறிக்கொண்டிருக்கிறது. அந்த மாற்றத்தில் நாம் எடுக்க வேண்டியதும் உண்டு, கிட்டவே சேர்க்கக் கூடாததும் உண்டு.

கன்று

விதையில் முளைத்தவற்றில் ஏறத்தாழப் பாதி ஆண். பூக்கும்வரை, அதாவது 5 முதல் 8 ஆண்டுவரை, எது ஆண் எது பெண் என்று தெரியாது. பெண்ணாக இருந்தாலும் தாய்ப் பழத்தின் ருசி வருமென்று சொல்ல முடியாது. அதனால்தான் சோலைக்காரர் தாய்மரத்தின் அடியில் வெடிக்கும் பக்கக் கன்றைப் பிரித்து நடுகிறார்கள். 3 முதல் 5 வயதான, 10 கிலோவுக்குக் குறையாத, சொந்த வேர் விட்ட கன்றாகப் பாருங்கள். சிறியவை பெரும்பாலும் காய்ந்துவிடும். இழைய வளர்ப்புக் கன்று (ஆய்வுகூடத்தில் தாய்மரத்தின் இழையத்திலிருந்து வளர்த்தது) கிடைத்தால் இன்னும் நல்லது. பெரும்பாலும் நோயில்லாமல், இரகம் மாறாமல் வரும். புதுமையில் தயங்காமல் எடுக்க வேண்டியது இது.

இரகத்தில் பர்ஹி நமக்குப் பொருந்தும். மஞ்சளாக, கடிக்கும்போது மொறுமொறுவென்று இருக்கும்போதே இனிப்பதால், மழைக்கு முன் இறக்கிவிடலாம். மெஜூல், டெக்லெட் நூர் போன்றவை மரத்திலேயே பழுத்து உலர நீண்ட வறண்ட காலம் கேட்பவை.

உம்றா போய் வருபவர்கள் பையில் பக்கக் கன்றை மறைத்துக் கொண்டுவர வேண்டாம். மொரோக்கோவின் த்ரா பள்ளத்தாக்கில் 1870 அளவில் தெரியவந்த பயூத் என்ற பூஞ்சண வாடல் நோய், கன்றோடும் மண்ணோடும் பரவி அந்த நாட்டில் சுமார் 1 கோடி மரங்களை அழித்தது. எதிர்த் திசையிலும் இது நடந்திருக்கிறது. நம் தென்னையைத் தின்னும் செவ்வண்டு 1980களில் வளைகுடா நாடுகளுக்கும், 1990களின் தொடக்கத்தில் எகிப்துக்கும் போய், இன்று பேரீச்சைக்கே பெரிய எதிரியாக நிற்கிறது. வண்டு நம் பக்கத்துத் தென்னையில் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே மட்டை வெட்டினாலும் பக்கக் கன்று பிரித்தாலும் அந்தக் காயத்துக்கு அன்றைக்கே தார் பூசுங்கள். வண்டு வருவது காயத்தின் வாடைக்குத்தான். அடிமரத்தில் துளை, கபில நிறக் கசிவு, சப்பிய நார் தெரிந்தால் உடனே விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். குருத்து வாடிய பிறகு மரத்தைக் காப்பாற்றுவது கடினம்.

குழியும் தண்ணீரும்

3 அடி நீளம், அகலம், ஆழம் போதும். இரண்டு பங்கு மேல்மணலுக்கு ஒரு பங்கு நன்றாக மக்கிய மாட்டெரு கலந்து நிரப்புங்கள். பச்சைச் சாணம் சூடேறி வேரைக் கருக்கிவிடும். மரத்துக்கு மரம் 25 அடி. குருத்து மண்மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும், அதற்குள் தண்ணீர் போனால் அழுகும். முதல் சில மாதம் தென்னோலையால் சுற்றி, உச்சியை மட்டும் திறந்து விடுங்கள். மணலில் ஈரம் தங்காது என்பதால் முதல் ஆறு வாரம் தினமும் தண்ணீர் வேண்டும்.

குழி வெட்டுமுன் மாரியில் நிலத்தடி நீர் எவ்வளவு மேலே வருகிறது என்று பாருங்கள். அல்ஜீரியாவின் சூஃப் பகுதியில், நிலத்தடி நீருக்குச் சற்று மேலே வரைக்கும் மணலைத் தோண்டிப் பள்ளம் எடுத்து, அதில் பேரீச்சை நடுவது பழைய முறை. வேர் தானே நீரைத் தேடிக்கொள்ளும், இறைப்பே வேண்டாம். பிறகு ஆழ்கிணறுகளிலிருந்து நீர் மேலே வந்தது, பட்டணம் பெருத்தது, கழிவுநீர் போக வடிகால் இல்லாமல் மணலுக்குள்ளேயே இறங்கியது. நிலத்தடி நீர் உயர்ந்து, அந்தப் பள்ளங்களில் நின்ற மரங்கள் மூழ்கிச் செத்தன. நெருக்கமான வீடுகளும் மலசலகூடக் குழிகளும் உள்ள காத்தான்குடி, சாய்ந்தமருது போன்ற கரையோர ஊர்களில் இதை மனதில் வைத்தே நட வேண்டும். மார்கழியில் 3 அடிக்குள் நீர் நின்றால் குழியை விட்டுவிட்டு, ஒன்றரை அடி மேடு போட்டு அதில் நடுங்கள்.

இறைப்பதிலும் கவனம் தேவை. அல்ஜீரியாவின் துவாத், குராரா சோலைகளில் ஃபொகாரா என்ற சரிவான நிலத்தடிச் சுரங்கம், நிலம் கொடுக்கும் அளவு நீரை மட்டும் ஈர்ப்பால் வெளியே கொண்டுவரும். வாயில் சீப்புப் பல் போலத் துளைகளிட்ட கல் அதை ஆளாளுக்குரிய பங்காகப் பிரிக்கும். அந்த நீரை அளப்பவர்களின் அறிவை யுனெஸ்கோ 2018இல், அவசரமாகக் காக்க வேண்டியவை என்ற பட்டியலில் சேர்த்தது. மோட்டர்க் கிணறுகள் வந்து நீர்மட்டத்தை இறக்கியதில் பல சுரங்கங்கள் வற்றிவிட்டன.

நம் நிலையோ அதைவிட நொய்மையானது. ஒருபக்கம் கடல், மறுபக்கம் வாவி. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கணக்குப்படி, நல்ல நீர்மட்டம் 1 அடி இறங்கினால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறும். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகளை மாரி மழைதான் மெல்ல மெல்லக் கழுவியது. துப்பரவு செய்யவென்று மோட்டர் வைத்து ஓயாமல் இறைப்பதும் உப்பை மேலே இழுக்கும். ஆகவே திறந்த கிணற்றிலோ பூவலிலோ (மணலில் தோண்டிய ஆழமில்லாத நீர்க்குழி) இருந்து, காலை மாலை சிறிது நேரமாகப் பிரித்து இறையுங்கள். தண்ணீர் குறைகிறதென்று குழாயை ஆழப்படுத்த வேண்டாம். பேரீச்சை கொஞ்சம் உவரைத் தாங்கும், ஆனால் அதன் நிழலில் போடும் மிளகாயும் பயற்றையும் தாங்கா. அவை கருகுவதைக் கிணற்றின் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த மரத்துக்குக் கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் மாதங்களில் வாரம் இருமுறை, கம்பி குத்தினால் 3 அடிக்கு ஈரம் தெரியும்வரை விடுங்கள்.

மகரந்தம் வைத்தல்

முழு விளைச்சலும் இதில்தான் தங்கியிருக்கிறது. ஆண் பாளை குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். உள்ளே வெள்ளைப் பூ நெருங்கிய சிறு இழைகள். பெண் பாளையில் இழைகள் நீளம், பூ மஞ்சள் மணி போல இருக்கும். ஓர் ஆண் மரம் 40, 50 பெண் மரங்களுக்குக் காணும். எனவே ஒழுங்கைக்கு ஓர் ஆண் மரம் நின்றால் போதும், வளவுக்கு வளவு வேண்டாம்.

ஆண் பாளை வெடிக்கத் தொடங்கும்போதே வெட்டுங்கள். முழுக்க விரிந்தால் தூள் காற்றோடு போய்விடும். இழைகளைப் பிரித்து, காற்று அடிக்காத நிழலில் கடதாசியில் ஒன்றிரண்டு நாள் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் தூள் செத்துவிடும், ஈரத்தில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். உதிர்ந்த தூளைச் சலித்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான போத்தலில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அடுத்த பருவத்துக்கும் உதவும்.

பெண் பாளை வெடித்த அன்றிலிருந்து மூன்று நாளுக்குள் வேலை முடிய வேண்டும். பாளைகள் ஒன்றாக வெடிப்பதில்லை. அந்த மாதத்தில் வாரம் இருமுறையாவது மரத்தைப் பாருங்கள். பழைய முறை இது: மூன்று முதல் ஐந்து ஆண் இழைகளைப் பெண் கொத்தின் மேல் உதறி, தலைகீழாக நடுவில் செருகி, ஓலைக் கீற்றால் தளர்வாகக் கட்டுவது. புதிய முறையில் ஒரு பங்கு தூளுக்கு ஒன்பது பங்கு உலர்ந்த கோதுமை மா கலந்து, நீண்ட பீ.வி.சி. குழாயில் பொருத்திய மெல்லிய பிளாஸ்ரிக் போத்தலை நிலத்தில் நின்றே அமுக்கி ஊதலாம். சோலைகளில் இளைஞர் கூலி வேலைக்குப் பட்டணம் போய், மரமேறுபவர் அரிதானார்கள். இங்கும் தென்னை ஏற ஆள் தேடும் நிலைதான். உயர்ந்த மரத்துக்குக் குழாயே சரி. மின்கம்பி அருகில் நிற்கும் மரத்துக்குக் குழாயையும் நீட்டாதீர்கள்.

காலை 10 மணிக்குப் பின், வெயில் ஏறியதும் வையுங்கள். ஆறு மணி நேரத்துக்குள் மழை பெய்தால் மறுபடி வைக்க வேண்டும். தை, மாசியில் மிச்ச மழை வருவதால், வைத்த கொத்தைக் கடதாசிப் பையால் இரண்டு மூன்று வாரம் மூடுவது நல்லது. ஒரு மாதத்தில் சரிபார்க்கலாம்: ஒவ்வொரு பூவிலும் மூன்று மணிகள் இருக்கும். ஒன்று பருத்து மற்ற இரண்டும் உதிர்ந்தால் பிடித்துவிட்டது. மூன்றும் ஒட்டியபடியே வளர்ந்தால் மகரந்தம் சேரவில்லை. அந்தக் குலையை வெட்டிவிடுங்கள், வீணாக மரத்தின் சத்தை இழுக்கும்.

குலை

ஏறுமுன் மட்டையின் அடிமுட்களை வெட்டுங்கள். கண்ணாடி இல்லாமல் தலையை உள்ளே விட வேண்டாம். ஒரு குலைக்கு 8 பச்சை ஓலையாவது இருக்க வேண்டும். முதல் காய்ப்பில் இரண்டு மூன்று குலை மட்டும் விடுங்கள். கொத்தின் நடுவில் மூன்றிலொரு பங்கு இழைகளை எடுத்துவிட்டால் காற்று போகும், காய் பருக்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில், காம்பு முறுகுமுன், குலையை வளைத்து மட்டைமேல் கட்டுங்கள். பிந்தினால் காம்பு ஒடியும். நிறம் மாறத் தொடங்கியதும் வௌவாலுக்கும் காகத்துக்கும் வலை போட்டு, மழைக்கு மேலே உரப்பையைக் குடையாகக் கட்டி, அடியைத் திறந்து விடுங்கள். முழுக்க மூடினால் உள்ளே வேர்த்து அழுகும்.

இறக்கல்

மரத்திலேயே கனிய விடுவது சகாராவில் நடக்கும். நம் கடற்காற்றின் ஈரத்தில் பழம் புளிக்கும். மஞ்சளோ சிவப்போ முழுதாக ஏறியதும் குலையோடு இறக்குங்கள். துவர்ப்பு மிஞ்சினால் கழுவி ஓர் இரவு உறைபெட்டியில் வைத்து வெளியே எடுங்கள். இளகும்போது மென்மையாகித் துவர்ப்பு போகும். உடனே சாப்பிட வேண்டும். அதிகம் இருந்தால் பாகிஸ்தானின் சிந்துப் பகுதியில் பருவமழைக்குத் தப்பச் செய்வது போல, நிறமேறிய காயைக் கொதிநீரில் 5 முதல் 10 நிமிடம் அவித்து, பாயில் பரப்பி உலர்த்தலாம். மாலையில் பனி படுமுன் உள்ளே எடுத்து, அமர்த்திப் பார்த்தால் ஈரம் ஒட்டாத பதம் வரும்வரை வெயிலில் வைத்து, ஆறிய பிறகு போத்தலில் அடையுங்கள்.