மெக்கானிக்கின் 8 மணி நேரத்தை அப்படியே பில் போட முடியாது

போன மாதம் உடுமலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். புல் வெட்டும் பிரஷ் கட்டர், களை எடுக்கும் பவர் வீடர், மருந்தடிக்கும் ஸ்பிரேயர் ரிப்பேருக்குப் புதிதாகக் கடை போடப் போகிறார். கையில் ஒரு தாள். "அண்ணே, மெக்கானிக் ரெண்டு பேரு, ஆளுக்கு 8 மணி நேரம். மணிக்கு 300 வச்சா ஒரு நாளைக்கு 4,800 வரும்ல?" என்றார். பொள்ளாச்சியில் நான் கடை திறந்தபோது போட்ட கணக்கு இதேதான், தொகை மட்டும் வேறு. கடன் வாங்குவதற்கு முன்பே அவர் வந்ததில் எனக்கு நிம்மதி.

ஸ்பேனர் தொலைவது, ஜாப் கார்டு எழுத மறப்பது பற்றியெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. ஒரு மாதத்தில் கடையே கற்றுக்கொடுத்துவிடும். மெக்கானிக்கின் நேரத்தைக் கணக்குப் போடுவதில் வரும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கடையில் இருந்த நேரத்தை விற்ற நேரமாக நினைப்பது

அப்போது மெக்கானிக்கின் நாள் சம்பளம் 800 ரூபாய். வாடகை, கரண்ட், இதர செலவு நாளுக்கு 500. மொத்தம் 1,300. 8-ஆல் வகுத்தால் மணிக்கு 163 ரூபாய் கூட ஆகவில்லை. தைரியமாக மணிக்கு 250 என்று லேபர் வைத்தேன். வாசல் நிறைய மிஷின் நின்றது, மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்கவில்லை. மெக்கானிக்தான் மந்தம் என்று முடிவுகட்டி, வாடிக்கையாளர் முன்னாலேயே சத்தம் போட்டேன். வேலை அவ்வளவு சுத்தமாக இருக்கும் அவரிடம். மறுவாரமே நின்றுவிட்டார். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

அடுத்து வந்தவரிடமும் பணம் அதே மாதிரி கரைந்தபோதுதான் ஒரு நோட்டு போட்டேன். இரண்டு வாரம், 15 நிமிடத்துக்கு ஒரு கோடு. ஒரு செவ்வாய்க்கிழமைக் காலையை மட்டும் சொல்கிறேன்.

பிரஷ் கட்டர் ஒன்று வந்தது. ஸ்டார்ட் ஆகும், உடனே நின்றுவிடும். கியர் கேஸ் வரை புல் சுற்றி, மண் காய்ந்து ஒட்டியிருந்தது. அதைச் சுத்தம் செய்ய 20 நிமிடம். பிளக்கில் ஸ்பார்க் இருக்கிறதா, கம்ப்ரஷன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கார்புரேட்டரைக் கழற்ற 15 நிமிடம். டேங்கில் மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோலால், கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வான டயாபிராம் விறைத்துப்போயிருந்தது. மாற்ற வேண்டிய டயாபிராம் கிட் கடையில் இல்லை, வாங்கி வர 50 நிமிடம். வாங்கப் போனவர் அதே மெக்கானிக், அனுப்பியது நான். மாட்டி ஓட்டிப் பார்க்க 25 நிமிடம். போனுக்கும், "என் ஸ்பிரேயர் ரெடியா?" என்று பக்கத்தில் வந்து நின்றவருக்கும் பதில் சொல்ல இன்னொரு 25. ஆக இரண்டேகால் மணி நேரம். நான் போட்ட பில் 1 மணி நேரத்துக்கு.

இதில் ரிப்பேர் வேலை 40 நிமிடம்தான். 1 மணி நேர வேலையை 40 நிமிடத்தில் முடிப்பவர் மந்தமா? நான் திட்டி அனுப்பியவரும் இப்படித்தான் வேலை செய்திருப்பார்.

அதனால் இரண்டு கணக்கைத் தனித்தனியாகப் போடுங்கள். பில் போட்ட நேரத்தை, மிஷினில் கை வைத்த நேரத்தால் வகுத்தால் மெக்கானிக்கின் வேகம் தெரியும். அதையே கடையில் இருந்த நேரத்தால் வகுத்தால் முதலாளியின் நிர்வாகம் தெரியும். என் நோட்டில் ஒரு நாளுக்குச் சராசரியாக நாலரை மணி நேரம்தான் பில்லாகியிருந்தது, 56 சதவீதம். 1,300-ஐ நாலரையால் வகுத்துப் பாருங்கள், மணிக்கு 289 ரூபாய் அடக்கம். நான் வாங்கியது 250. தினமும் 175 ரூபாயைக் கையிலிருந்து போட்டுக் கடை நடத்தியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு டயாபிராம் கிட், பிளக், ஃபில்டர், ஸ்டார்ட்டர் கயிறு எப்போதும் ஸ்டாக்கில் இருக்கும். மறுநாளைய வேலைக்கான ஸ்பேர் முந்தின மாலையே டிரேயில் ஏறிவிடும். போனும் கவுன்ட்டரும் என் பொறுப்பு. கழுவுவதற்கும் பழுது கண்டுபிடிப்பதற்கும் தனி சார்ஜ். இப்போது நல்ல நாளில் 6 மணி நேரம் வரை பில்லாகிறது. 8 ஒருநாளும் வந்ததில்லை.

மிஷின் எண்ணிக்கையை வைத்து அளப்பது

பிளக் மாற்றுவதும் ஒரு மிஷின். பெட்ரோலில் 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) கலக்காமல் ஓட்டி, பிஸ்டன் இறுகிப் பிடித்து, சிலிண்டரில் கோடு விழுந்து வருவதும் ஒரு மிஷின். எண்ணிக்கைக்கு இன்சென்டிவ் கொடுத்தீர்களானால் இரண்டாவதை யாரும் தொட மாட்டார்கள், மூலையிலேயே கிடக்கும்.

திரும்பி வந்த மிஷின்

அதே பழுதோடு திரும்பி வந்தால் பில் கிடையாது, நேரம் உண்டு. நோட்டில் சிவப்பு மையில் எழுதுங்கள்.

ஹெல்பரை அரை மெக்கானிக்காகக் கூட்டுவது

பில்லாகும் நேரக் கணக்கில் அது வேண்டாம்.

சீசனை வருடம் முழுக்க நீட்டுவது

மழை பெய்து தென்னந்தோப்பில் புல் ஏறும்போது ராத்திரி 9 மணிக்கும் பிரஷ் கட்டர் வரும். சித்திரை வெயிலில் அதே மெக்கானிக் மதியத்துக்கு மேல் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், சம்பளம் மட்டும் மாறாது. சீசனில் 2 வாரம், கோடையில் 2 வாரம் நோட்டு எழுதிவிட்டு லேபர் ரேட்டை முடிவு செய்யுங்கள்.

தம்பி என் பழைய நோட்டை முழுதாகப் புரட்டிப் பார்த்தார். ஆளுக்கு நாலரை மணி நேரம் என்று கணக்குப் போட்டு, தாளில் 4,800-ஐ அடித்துவிட்டு 2,700 என்று எழுதினார். தை மாதம் கடை திறக்கிறார், முதலில் ஒரே ஒரு மெக்கானிக்கோடு.