சர்வாதிகாரிக்குப் பெயர் வைக்கும் முன்

நண்பர்கள் நடத்தும் சிற்றிதழுக்கு வரும் அறிவியல் புனைகதைகளை முதலில் வாசிப்பவன் நான். வேலை பார்த்தது வட்டாட்சியர் அலுவலகத்தில், எழுத்தராக. அதனாலோ என்னவோ, கொடுங்கோல் அரசைப் பற்றிய கதை என்றால் என் கண் முதலில் பெயர்களைத்தான் தேடும். ருத்ரசேனன், காலகேதன், டிராக்கோ-9 என்று தலைவர் வந்து நின்ற உடனே பயம் போய்விடுகிறது. நான் அரக்கன் என்று பலகை மாட்டிக்கொண்டா ஒரு அரசு நடக்கும்?

நல்ல பெயராக வையுங்கள். 1949-இல் வெளியான ‘1984’ நாவலில் ஜார்ஜ் ஆர்வெல் தன் சர்வாதிகாரியை அண்ணனாக்கினார். சித்திரவதை நடக்கும் கட்டடத்துக்கு அன்பு அமைச்சகம் என்று பெயரிட்டார். அவருக்கு முன்பே ரஷ்ய எழுத்தாளர் சம்யாத்தினின் ‘நாங்கள்’ நாவலில் ஆள்பவரின் பட்டம் ‘நன்மை செய்பவர்’. மார்கரெட் அட்வுட் 1985-இல் ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ நாவலில் படைத்த கிலியட் நாட்டில், கையில் மின்கோலோடு பெண்களைப் பழக்குகிறவர்கள் ‘ஆன்ட்டி’கள். பெண்களுக்குப் பழக்கமான அழகுசாதனப் பொருட்கள், கேக் மாவு போன்றவற்றின் பெயர்களையே அந்த ஆன்ட்டிகளுக்குச் சூட்டினார்கள் என்று நாவலின் கடைசிப் பகுதி சொல்கிறது. ஆக, யாரோ கூட்டம் போட்டுத்தான் முடிவெடுத்திருக்கிறார்கள். உங்கள் கதையின் அரசுக்கும் அப்படி ஒரு கூட்டத்தை நோட்டில் எழுதிப் பாருங்கள். எந்தப் பெயரை யார் முன்மொழிந்தார், எது ஏன் தள்ளுபடியானது. கதைக்குள் அதிலிருந்து ஒரு வரிகூட வர வேண்டாம்.

பெயர் முடிந்ததா? பாதி வேலைகூட ஆகவில்லை. இப்போது ஒரு தாளில் கட்டம் போடுங்கள். யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று நிரப்புங்கள்: நேரில், முதுகுக்குப் பின்னால், அரசாணையில், வீட்டுக்குள். ஆர்வெலின் நாயகன் வின்ஸ்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆளை வேவு பார்க்கும் டெலிஸ்கிரீன் என்ற திரை அவனை ‘6079 ஸ்மித் டபிள்யூ’ என்று அதட்டுகிறது. பக்கத்து வீட்டுப் பெண்ணை ‘தோழர்’ என்றுதான் சொல்ல வேண்டும், கட்சிக்கு ‘மிஸஸ்’ பிடிக்காது. ஆனாலும் சில பெண்களைப் பார்த்தால் ‘மிஸஸ்’ தானாக வாயில் வந்துவிடுகிறது. சிறையில் வைத்து அவனை வதைக்கும் ஓ பிரையனோ ‘வின்ஸ்டன்’ என்று அழைத்து, பொறுமையான வாத்தியார் மாதிரி பேசுகிறான். எனக்கு அந்த நாவலில் உறைப்பது இந்த இடம்தான். உங்கள் கட்டத்தில் எதிர்பாராத ஒரு அழைப்பாவது இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாரும் எல்லா இடத்திலும் ‘மாண்புமிகு தலைவர்’ என்றே சொன்னால் அந்த ஊரில் மனிதர்கள் யாரும் இல்லை.

தமிழில் எழுதுகிறவருக்கு இங்கே ஒரு வசதி, ஒரு தொல்லை. தலைவர் அறைக்குள் நுழைகிறார் என்றால் ‘வந்தார்’ போடுவதா, ‘வந்தான்’ போடுவதா? வாக்கியத்துக்கு வாக்கியம் முடிவெடுத்தே ஆக வேண்டும். கதைசொல்லி எந்தப் பக்கம் என்பது வினையின் வாலிலேயே தெரிந்துவிடும். என் யோசனை: கதை முழுக்க ‘ஆர்’ விகுதியையே வைத்து, ஒரே ஒரு இடத்தில் ‘ஆன்’ என்று விடுங்கள். அதை யாரும் கவனித்ததாகக் கதையில் காட்டாதீர்கள்.

ஆளப்படுகிறவர்களுக்கு எண் கொடுப்பது பழைய உத்தி, தேய்ந்தும் போயிற்று. சம்யாத்தினிடம் அது இன்னும் எடுபடக் காரணம், எண்ணுக்குப் பின்னால் விதி இருக்கிறது: ஆண்களுக்கு மெய்யெழுத்தும் ஒற்றைப்படையும், பெண்களுக்கு உயிரெழுத்தும் இரட்டைப்படையும். விதி இல்லாத ‘எக்ஸ்-27’ வெறும் அலங்காரம்.

அட்வுட் இதைவிடக் கொடுமையாகச் செய்தார். நாயகியின் பெயர் ஆஃப்ஃப்ரெட். ஆங்கிலத்தில் ‘of Fred’, அதாவது ஃப்ரெட் என்ற அதிகாரிக்கு உரியவள். ஒரு நாள் தோழி ஆஃப்க்ளென் வர வேண்டிய இடத்தில் வேறொருத்தி வந்து, நான்தான் ஆஃப்க்ளென் என்கிறாள். ஆள் போய்விட்டாள், பெயர் வேலைக்கு வந்துவிட்டது. நம் ஊரில் இதற்கு இனிஷியல் போதும். அப்பா பெயரின் எழுத்தை அரசு பிடுங்கிக்கொண்டு, அந்த இடத்தில் மேற்பார்வையாளர் பெயரின் எழுத்தைப் போடுகிறது என்று வையுங்கள். தமிழ் வாசகருக்கு விளக்கமே தேவைப்படாது. பணி மாறுதல் வந்தால் கையெழுத்தும் மாறும்.

ஆள்பவர்களுக்கு வடமொழிப் பெயர், ஏழைகளுக்கு முருகன், மாரி என்று பிரிப்பதை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். ‘பசி விளையாட்டுகள்’ (ஹங்கர் கேம்ஸ்) நாவல் வரிசையில் தலைநகரத்தாருக்கு சீசர், செனகா என்று ரோமானியப் பெயர்கள், நாயகிக்கு ஒரு நீர்த்தாவரத்தின் பெயர். அது அங்கே பொருந்துகிறது. இங்கே பெயரைச் சொன்னதும் வாசகர் சாதியையும் மதத்தையும் ஊரையும் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். உங்கள் கதை அந்தக் கணக்குக்குத் தயாராக இருக்க வேண்டும்.

ஆணைகள் எழுதும்போது பெயரே வேண்டாம். ‘உத்தரவிடப்படுகிறது’, ‘கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது’, ‘மேல்முறையீடு ஏற்கப்பட இயலாது’. இந்த மாதிரி வாக்கியங்களை நானே எத்தனையோ தட்டச்சு செய்திருக்கிறேன். செய்தது யார் என்று அதில் தேடினாலும் கிடைக்காது. மேலே கோப்பின் ந.க. எண், தேதி, பார்வை என்று வரிசையாகப் போட்டுவிட்டால் மரண தண்டனைகூட வீட்டுவரி பாக்கி மாதிரி இருக்கும்.

எழுதி முடித்த பிறகு தலைவரின் சொந்தப் பெயரைக் கணினியில் தேடிப் பாருங்கள். ஒவ்வொரு இடத்திலும் அதைச் சொல்கிறவர் யார், அப்படிச் சொல்ல அவருக்கு அனுமதி உண்டா என்று கேளுங்கள். பதில் இல்லாத இடங்களில் பெயரை அடித்துவிட்டு ‘அவர்’ என்று போட்டு மறுபடி வாசியுங்கள்.