மலையேற்றக் காம்பஸை வைத்துக் கடலுக்குள் வழி பிடிப்பது எப்படி?

புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் கற்று முடித்தவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "ட்ரெக்கிங்குக்கு வாங்கின காம்பஸ் வீட்டுல சும்மா கெடக்கு. அதையே கட்டிக்கிட்டு எறங்கலாமாண்ணா?"

இறங்கலாம். ஆனால் எல்லாக் காம்பஸும் தாங்காது. தாங்குகிற காம்பஸும், சரியாகப் பிடிக்காவிட்டால் தவறான திசையைக் காட்டும். நான் இதை 18 மீட்டர் ஆழத்துக்குள், கூட்டாளியோடு இறங்கும்போது மட்டும் பயன்படுத்துகிறேன். டைவிங் பயிற்சியே எடுக்காதவர்கள் முதலில் அதை முடித்துவிடுங்கள்.

காம்பஸைத் தேர்ந்தெடுப்பது

முள் திரவத்துக்குள் மிதக்கும் வகைதான் வேண்டும். நீருக்குள் 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் வீதம் அழுத்தம் கூடும். 18 மீட்டரில் அது கரையில் இருப்பதைப்போல் ஏறக்குறைய 2.8 மடங்கு. திரவம் அமுங்காது என்பதால் நிறைந்த டப்பா அதைத் தாங்கும். காற்று மட்டும் உள்ள காம்பஸ் நசுங்கும், அல்லது உள்ளே தண்ணீர் புகும். அதே காரணத்தால், திரவத்துக்குள் பெரிய குமிழி தெரிந்தாலும் அந்தக் காம்பஸை ஒதுக்கிவிடுங்கள். கடுகளவு குமிழியைப் பொறுத்துக்கொள்ளலாம், மிளகளவுக்கு மேல் வேண்டாம்.

அடுத்தது பலர் கவனிக்காத விஷயம். பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடிக்கு அருகே போகிறது. அதனால் நம் கரையில் காந்தமுள் ஏறக்குறைய படுக்கையாகவே நிற்கும். இங்கிலாந்தில் அதன் வடமுனை 65 டிகிரிக்கு மேல் கீழ்நோக்கி இழுபடும். அதைச் சமன்செய்ய அங்கே விற்கும் காம்பஸ்களில் தென்முனையைக் கனமாக்கியிருப்பார்கள். வெளிநாட்டு உறவினர் வாங்கிவந்த காம்பஸ் இங்கே தென்முனை சாய்ந்து, அடியில் உரசி நின்றுவிட இதுவே காரணம். மேசையில் வைத்துப் பாருங்கள். முள் மட்டமாக, தடையின்றிச் சுழல வேண்டும்.

பத்துப் பாகம் இறக்கிப் பாருங்கள்

வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்தால் அழுத்தம் தெரியாது. டைவ் படகிலோ தெரிந்த மீனவர் படகிலோ போகும்போது, காம்பஸை வலைப்பையில் போட்டு, ஈயக்குண்டு சேர்த்துக் கயிற்றில் இறக்குங்கள். மீனவர்கள் ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்வார்கள்; பத்துப் பாகம் என்றால் 60 அடி, அதாவது 18 மீட்டர். ஐந்து நிமிடம் விட்டுத் தூக்குங்கள். மூன்று முறை செய்த பிறகும் புதுக்குமிழி இல்லை, டிகிரி எண்கள் உள்ள வளையம் எளிதாகத் திரும்புகிறது என்றால் அது தேறிவிட்டது.

பிறகு அதை ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பலகையில் இறுக்கமாகக் கட்டி, பலகையை மணிக்கட்டோடு கயிற்றால் இணையுங்கள். பலகையில் பென்சிலால் எழுதினால் நீருக்குள்ளும் அழியாது.

கரையில் பழகுங்கள்

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரை இதற்கு அருமையான இடம். காலையில் கூட்டம் சேரும்முன் போய்விடுங்கள்.

பயண அம்புக்குறிக்கு (போகும் திசையைக் காட்ட அடித்தட்டில் வரைந்திருக்கும் அம்பு) நேராக 90 வரும்படி வளையத்தைத் திருப்புங்கள். காம்பஸை நெஞ்சுக்கு நேரே மட்டமாகப் பிடித்து, முள்ளின் சிவப்பு முனை வளையத்துக்குள் வரைந்திருக்கும் கூட்டுக்குள் வரும்வரை உடம்போடு திரும்புங்கள். இப்போது நீங்கள் கிழக்கே, கடலைப் பார்த்து நிற்கிறீர்கள். தலையில் துண்டைப் போட்டு, காம்பஸ் மட்டும் தெரியும்படி 30 அடி நடங்கள் (நண்பர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்). திரும்பி வர வளையத்தைத் தொடவே வேண்டாம். சிவப்புக்குப் பதில் மறுமுனை கூட்டுக்குள் வரும்வரை உடம்பைத் திருப்பினால் போதும், கணக்கே இல்லாமல் 270 கிடைத்துவிடும். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும்வரை செய்யுங்கள். கைப்பேசியைப் பையிலேயே விட்டுவிடுங்கள், அதன் காந்தம் முள்ளை இழுக்கும்.

நீச்சல் குளத்தில் பழகினால் சுவரை ஒட்டி நீந்தாதீர்கள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியும் முள்ளைத் திருப்பும்.

நீருக்குள்

காம்பஸ் கட்டிய கையை முன்னே நேராக நீட்டி, மறுகையால் அதன் முழங்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அம்பும் உங்கள் முதுகெலும்பும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். டைவிங்குக்கென்றே செய்த காம்பஸ் கொஞ்சம் சாய்ந்தாலும் வேலை செய்யும், மலையேற்றக் காம்பஸ் செய்யாது. என் இரண்டாவது முயற்சியில் பலகை சாய்ந்து முள் சிக்கிக்கொண்டது. சிவப்பு முனை அசையாமல் கூட்டுக்குள் இருந்ததால் நேராகப் போகிறேன் என்றே நம்பினேன். மேலே வந்தபோது படகு வெகுதூரத்தில் இருந்தது. அன்றிலிருந்து பத்துத் துடுப்படிக்கு (காலில் மாட்டிய துடுப்பால் அடிப்பது) ஒருமுறை பலகையை லேசாக அசைத்துப் பார்க்கிறேன். முள் ஆடி அடங்கினால்தான் அது உயிரோடு இருக்கிறது.

எஃகுச் சிலிண்டர், கத்தி, காந்த சுவிட்ச் உள்ள டார்ச், கூட்டாளியின் காம்பஸ் எல்லாவற்றிலிருந்தும் ஒரு கைநீளம் தள்ளிப் பிடியுங்கள். அலுமினியச் சிலிண்டரால் பாதிப்பில்லை.

தூரத்தைத் துடுப்படியால் எண்ணுங்கள். இரண்டு காலும் ஒருமுறை அடித்தால் ஒன்று. முதல் நாள் 20 போய் 20 திரும்புங்கள், அது போதும்.

நீரோட்டம்

காம்பஸ் நீங்கள் பார்க்கும் திசையைத்தான் சொல்லும், தள்ளப்படுவதைச் சொல்லாது. நம் கரை வடக்குத் தெற்காக ஓடுகிறது, நீரோட்டமும் பெரும்பாலும் கரையை ஒட்டியே ஓடும். ஆகவே கிழக்கே போய் மேற்கே திரும்புகிறவரை அது விலாவில் தள்ளும். நிமிடத்துக்கு 10 மீட்டர் நகரும் மெல்லிய ஓட்டம்கூடப் பத்து நிமிடத்தில் 100 மீட்டர் நகர்த்திவிடும். முள்ளோ கடைசிவரை சரியாகவே காட்டிக்கொண்டிருக்கும்.

இறங்கும்முன் படகோட்டி அண்ணனிடம் கேளுங்கள். "இன்னைக்குத் தெக்கேர்ந்து வடக்கே இழுக்குது தம்பி" என்றால், முதலில் 180 வைத்து ஓட்டத்தை எதிர்த்துத் தெற்கே போங்கள். திரும்பும்போது ஓட்டமே படகுப் பக்கம் கொண்டுவரும். நங்கூரக் கயிற்றருகே அடியில் இறங்கியதும் மணலில் ஓட்டத்தின் வரிகளையும் பாசி சாயும் பக்கத்தையும் பார்த்து அவர் சொன்னதோடு ஒப்பிடுங்கள்.

குழம்பிப்போனால் தேடி அலையாதீர்கள். கூட்டாளிக்குச் சைகை காட்டி, மிதவையை மேலே அனுப்பிவிட்டு, மெதுவாக மேலே வாருங்கள். இந்தக் கரையில் எங்கே மேலே வந்தாலும் நிலம் மேற்கேதான்.

வீட்டுக்கு வந்ததும்

நல்ல தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவிட்டு, வளையத்தைத் திருப்பித் திருப்பி மணலை வெளியேற்றுங்கள். நிழலில் காயட்டும். ஸ்கூட்டர் பெட்டிக்குள் வெயிலில் கிடந்தால் திரவம் விரிந்து கசியும், குமிழி விழும். ஒவ்வொரு முறை படகேறும்முன்னும் அந்தக் குமிழியைப் பாருங்கள். போன தடவையைவிடப் பெரிதாகியிருந்தால், அந்தக் காம்பஸை மலைக்கு எடுத்துப் போங்கள். கடலுக்கு டைவிங் காம்பஸ் ஒன்று வாங்கிவிடுங்கள்.