யாழ்ப்பாணத்துக் குடும்ப வரலாறு: வீட்டிலிருந்தபடியே இலவசமாகத் தேடும் வழி

பெயரை வைத்துத் தேடத் தொடங்கினால் முதல் நாளே சலித்துவிடும். யாழ்ப்பாணத்தில் ஒருவருடைய பெயருக்கு முன்னால் நிற்பது தகப்பன் பெயர்; அடுத்த தலைமுறையில் அதுவும் போய்விடும். அப்பப்பாவின் பெயரைப் பேரப்பிள்ளைக்கு வைக்கும் வழக்கமும் உண்டு. அதனால் 'கந்தையா சின்னத்தம்பி', 'சின்னத்தம்பி கந்தையா' என்று ஒரே வீட்டில் மாறி மாறி வரும். ஊர், குறிச்சி (ஊருக்குள் ஒரு சிறு பகுதி), குலதெய்வக் கோயில் ஆகிய மூன்றையும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பெயர் அதற்குப் பிறகுதான்.

வீட்டிலுள்ள பழைய பிறப்புச் சான்றிதழ்களை எடுங்கள். இலங்கைப் படிவத்தில் பேரனார் (குழந்தையின் தாத்தா) இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் ஆகியவற்றை எழுத ஒரு கூடு (கட்டம்) இருக்கும். அது நிரப்பப்பட்டிருந்தால் ஒரே தாளில் மூன்று தலைமுறை கிடைக்கும். அந்த ஆண்டு பெரும்பாலும் குத்துமதிப்பானது. ஐந்தாறு வருடம் முன்பின்னாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து 'நூலகம்' இணையத்தளம். 2005இல் தொடங்கிய இந்த எண்ணிம நூலகத்தில் கணக்கும் வேண்டாம், கட்டணமும் இல்லை. அங்கே நினைவு மலர்களுக்குத் தனிப் பகுப்பு உண்டு. ஊரில் 'கல்வெட்டு' என்று சொல்லுவோமே, அந்தியேட்டி என்ற ஈமச்சடங்கன்று வந்தவர்களுக்குக் கொடுக்கும் அந்தப் புத்தகம்தான். தேவாரத்தையும் படங்களையும் தாண்டிப் போனால் வாழ்க்கைக் குறிப்பு, பல மலர்களில் வம்சாவளி வரைபடம், கடைசியில் நன்றி நவிலல் எல்லாம் வரும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் சுமார் 97,000 நூல்களோடு எரிந்தது. வீட்டு அலுமாரிகளில் தப்பிய இத்தகைய மலர்களுக்கு அதனால் இன்னும் பெறுமதி கூடுகிறது.

தேடும்போது இரண்டு இடங்களில் வழுக்கும். மலரின் தலைப்பில் பெரும்பாலும் இறந்தவர் பெயர் மட்டுமே இருக்கும், ஊர் இருக்காது. ஊர்ப் பெயரைத் தட்டினால் ஒன்றும் வரவில்லை என்று விட்டுவிடாமல் அந்தப் பகுப்பையே பார்த்துக்கொண்டு போங்கள். மற்றது எழுத்து. இராசரத்தினம், ராஜரத்தினம், இராஜரத்தினம் மூன்றையும் தட்டிப் பாருங்கள். திருமணமான பெண் 'நாகம்மா கந்தையா' என்று கணவர் பெயரோடுதான் இருப்பார். அவருடைய தகப்பன் பெயரைத் தலைப்பில் தேடிப் பயனில்லை. மலர்கள் பெரும்பாலும் படமாக வருடப்பட்டவை (ஸ்கேன் செய்யப்பட்டவை), ஆகையால் உள்ளே தேடுவது எப்போதும் நடக்காது. பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும்.

மலரின் முன்பக்கத்தில் ஒரு வெண்பா இருக்கும். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். திதி வெண்பா என்ற அந்த நான்கு வரிக்குள் இறந்த ஆண்டு, மாதம், பிறை, திதி எல்லாம் அடங்கியிருக்கும். ஆண்டுப் பெயர் 60 வருடத்துக்கு ஒருமுறை திரும்பும்: விகிர்தி என்றால் 1890, 1950, 2010. எது என்று பிள்ளைகளின் வயதை வைத்து முடிவு செய்யலாம். சறுக்குவது மாதத்தில்தான். தமிழ் ஆண்டு சித்திரையில் பிறப்பதால், 1950இல் பிறந்த விகிர்தியின் தை மாதம் 1951 ஜனவரி நடுவிலிருந்து பெப்ரவரி நடுவரை வரும். இதைக் கவனிக்காமல் 1950 என்று குறித்தால் முழுதாக ஒரு வருடம் பிசகிவிடும். மார்கழிக்கு இன்னும் கவனம் வேண்டும், அது இரண்டு ஆங்கில ஆண்டுகளிலும் கால் வைக்கும்.

மலர் இல்லாதவர்களுக்கு மரண அறிவித்தல். 1959இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ஈழநாடு பத்திரிகையின் பழைய இதழ்கள் நூலகம் தளத்தில் உண்டு. அறிவித்தலின் வாசகம் ஏறக்குறைய மாறாதது: இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர், அன்னார் இன்னாரின் மகனும், இன்னாரின் மருமகனும், இன்னாரின் கணவரும். 'மருமகனும்' என்ற சொல்லுக்கு முன் நிற்பது பெரும்பாலும் மனைவியின் பெற்றோர். 'காலஞ்சென்ற' என்ற சொல் யார் அதற்கு முன்பே இறந்துவிட்டார்கள் என்று காட்டும். 'சகோதரர்' பட்டியலை மட்டும் அப்படியே நம்பாதீர்கள், பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளும் அதில் சேர்ந்திருக்கலாம். மச்சான் மச்சாள் திருமணம் செய்த குடும்பங்களில் ஒரே ஆள் இரண்டு கிளைகளில் வருவார். வெட்டிவிடாமல் இரண்டையும் கோடு போட்டு இணையுங்கள்.

வம்சாவளிப் படங்களில் பெண்கள் காணாமற் போவதற்கு மருந்து காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம். நொத்தாரிசு (நோட்டரி) எழுதிய சீதன உறுதியில் மகளின் பெயர், மாப்பிள்ளையின் பெயர், கொடுத்த பெற்றோர், காணிப் பெயர் எல்லாம் வந்துவிடும். தேசவழமை என்ற யாழ்ப்பாண வழக்காற்றுச் சட்டப்படி சீதனம் தாய்வழியாக இறங்கிய குடும்பங்களில் இப்படியே பின்னோக்கிப் போகலாம்.

மலாயாவுக்கு ரயில்வேக்கோ கிளார்க் வேலைக்கோ போனவர்கள் இருந்தால், சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளை வீட்டிலிருந்தே இலவசமாக வாசிக்கலாம். இடமாற்றம், ஓய்வு, கல்யாணம், மரணம் எல்லாம் அந்தக் காலத்தில் செய்தி. பெயரின் ஆங்கில எழுத்துத்தான் தலைவலி: 'பிள்ளை' என்பதன் கடைசி எழுத்து ஐ ஆகவும் இருக்கும், ஏ ஒய் ஆகவும் இருக்கும், 'வ' வரும் இடத்தில் டபிள்யூ வரலாம், 'த' வரும் இடத்தில் எச் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பெயரோடு வேலை பார்த்த ஸ்டேஷனின் பெயரையும் சேர்த்துத் தட்டினால் குப்பை குறையும்.

கிறிஸ்தவக் குடும்பமானால் பெயர் மாற்றத்தை எதிர்பாருங்கள். 1816இல் வந்த அமெரிக்க மிஷன், படித்த பிள்ளைகளுக்கு அமெரிக்கக் கொடையாளர்களின் பெயர்களை வைத்தது. சிதம்பரப்பிள்ளை என்ற தமிழறிஞர் வில்லியம் நெவின்ஸ் ஆனது அப்படித்தான். மிஷனின் பழைய அறிக்கைகளும் இதழ்களும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் கிடைக்கும். அங்கே தமிழ்ப் பெயரைத் தேடாமல் மிஷன் நிலையத்தின் பெயரைத் தேடுங்கள்: வட்டுக்கோட்டை, தெல்லிப்பழை, உடுவில். பதிவேடுகளுக்கு ஃபேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்றுத் தளம். இலவசக் கணக்கு போதும், ஆனால் பெயர்த் தேடலோடு நிறுத்தாமல் கேட்டலாக்கில் இடப்பெயரையும் தட்டுங்கள். அட்டவணைப்படுத்தாத படங்கள் அங்கேதான் கிடக்கும்.

கண்டதை எழுதும்போது பெயரின் பக்கத்திலேயே மலரின் நூலக எண்ணையும் பக்க எண்ணையும் குறித்துவிடுங்கள். உங்கள் வீட்டில் கல்வெட்டுகள் இருந்தால் 300 டிபிஐயில் அட்டையிலிருந்து அட்டைவரை வருடி நூலகத்தாருக்குக் கொடுக்கலாம். பின்னட்டையில் அச்சகத்தின் பெயர் இருக்கும் வரியை விட்டுவிடாதீர்கள். ஆண்டு போடாத மலர்களுக்குக் காலம் கணிக்க அதுவும் உதவும்.