ஏர் ஃப்ரையரில் சில்லி பைட்ஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புரட்டாசி பிறந்தால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் தமிழ் வீடுகளில் கறியும் மீனும் ஒதுங்கிவிடும். சாயங்காலம் மொறுமொறுவென்று ஏதாவது வேண்டும் என்று வீடே கேட்கும். எண்ணெய்ச் சட்டி இருந்த இடத்தில் இப்போது ஏர் ஃப்ரையர். அதில் சில்லி பைட்ஸ் (பக்கோடாவுக்கு இங்கே அந்தப் பெயர்) போட்டு ஏமாந்தவர்கள் மெஷினைத் திட்டுகிறார்கள். பெரும்பாலும் குற்றம் மாவில்தான் இருக்கிறது.

180 டிகிரி எண்ணெயில் மாவு விழுந்ததுமே அதன் மேல்புறம் இறுகிவிடும். அதனால் தளர்ந்த மாவும் உருண்டையாகத் திரண்டு நிற்கும். ஏர் ஃப்ரையரோ விசிறி வைத்த சின்ன ஓவன், அவ்வளவுதான். காற்று எண்ணெயைப் போலச் சட்டென்று சூட்டைக் கொடுக்காது. இறுகுவதற்குள் தளர்ந்த மாவு கூடையின் ஓட்டை வழியே வழிந்துவிடும்.

அதனால் தண்ணீர் ஊற்றிக் கரைக்கவே கூடாது. மெல்லியதாக நறுக்கிய வெங்காயம், கீரை, பச்சை மிளகாய், பெருஞ்சீரகம், உப்பு எல்லாவற்றையும் பிசறிப் பத்து நிமிடம் வையுங்கள். காய் விடும் தண்ணீரே போதும். அதன்மேல் கடலை மாவையும் 2 ஸ்பூன் அரிசி மாவையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, கையில் பிடிபடும் பதம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். கழுவிய கீரையை ஈரத்தோடு போட்டால் இந்தக் கணக்கெல்லாம் கெட்டுப்போகும்; துணியில் ஒற்றி எடுங்கள். மாவு கலந்தபின் போனில் பேசப் போய்விடாதீர்கள். உப்பு தண்ணீரை இழுத்துக்கொண்டேதான் இருக்கும்.

அடுத்தது, ஒரு சொட்டு எண்ணெய்கூட வேண்டாம் என்ற வைராக்கியம். அப்படிச் செய்தால் மேலே வெளுத்து, வாயில் பச்சை மாவு வாசனை அடிக்கும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயைக் காய்ச்சி மாவில் ஊற்றிப் பிசையுங்கள், மேலேயும் லேசாகத் தடவுங்கள். கடை ஸ்ப்ரே டப்பாக்கள் சிலவற்றில் லெசித்தின் என்ற சேர்பொருள் இருக்கும். அது கூடையில் பிசின் போலப் படிந்துவிடும், தேய்த்தாலும் எளிதில் போகாது.

உருண்டையாகப் போட்டால் உள்ளே வேகாது, தட்டையாகத் தட்டிப் போடுங்கள். கூடையை முன்கூட்டியே சூடாக்கி, இடைவெளி விட்டு, 190 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம். எட்டு நிமிடத்துக்கு முன் திருப்பினால் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். பேக்கிங் தாள் விரிப்பவர்கள் வெறும் தாளோடு சூடாக்கக் கூடாது. காற்றில் பறந்து மேலே உள்ள சூடேற்றும் கம்பியில் ஒட்டினால் தீப்பிடிக்கும்.

கத்தரிக்காய், உருளைக்கிழங்கு வில்லைகளைக் கரைத்த மாவில் முக்கிப் போடும் பஜ்ஜியை, என்னைக் கேட்டால், இதில் முயலவே வேண்டாம். அது எண்ணெய்க்கே உரியது. கெட்டியாக அரைத்த பருப்பு வடை பரவாயில்லை. எல்லாவற்றையும்விட நன்றாக வருவது ‘பத்தா’ என்ற இலைச்சுருள்தான். மடும்பி (சேப்பங்கிழங்கு) இலையில் மாவு தடவிச் சுருட்டி, ஆவியில் வேகவைத்து, ஆறியபின் வெட்டும் துண்டுகள் ஏற்கெனவே வெந்தவை. மேல்புறம் சிவந்தால் போதும், வழியும் பயமே இல்லை.

எண்ணெயில் பொரித்த சில்லி பைட்ஸ் நேற்றையது மிச்சமிருக்கிறதா? மைக்ரோவேவில் வைத்தால் தோல் மாதிரி ஆகிவிடும். ஏர் ஃப்ரையரில் 180 டிகிரி, நாலு நிமிடம்; கூடுதல் எண்ணெய் தேவையில்லை.