வாடைக்கும் கச்சானுக்கும் தாங்கும் கூடாரம்: கரையோரம் நடப்பவர்களுக்கு

கூடாரம் வாங்கப் போனால் எல்லோரும் முதலில் கேட்பது, "மழை உள்ளே வருமா?" ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டி, அரியமான், வாலிநோக்கம் பக்கம் தங்குவதாக இருந்தால், "மணலில் நிற்குமா?" என்பதை முதலில் கேளுங்கள்.

படி 1: பருவம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து மழையோடு வரும். வெளி உறை தரை வரை இறங்கும் இரட்டை அடுக்குக் கூடாரம் வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று. மழை குறைவு, மணல்தான் பறக்கும். உள்சுவர் முழுக்க வலையாக இருந்தால் படுத்தவர் மேல் மணல் சலித்துக் கொட்டும். பாதிச் சுவராவது துணியாக இருக்கட்டும்.

படி 2: வகை. மூன்றுக்கு மூன்று மீட்டர் சில்நைலான் (சிலிக்கோன் பூசிய நைலான்) தார்ப்பாய் அரை கிலோதான்; ஆனால் காற்றில் கட்டப் பழக்கம் வேண்டும். கைத்தடியை ஊன்றி நிறுத்தும் கூடாரம் ஒரு கிலோ அளவில் கிடைக்கும். தரையில் அடித்த முளை பிடுங்கிக்கொண்டால் அப்படியே படுத்துவிடும். புதியவர்களுக்கு நாங்கள் சொல்வது, இரண்டு கிலோ அளவில், உயரம் ஒரு மீட்டரைத் தாண்டாத இருவர் படுக்கும் டோம், அதாவது குவிமாட வடிவக் கூடாரம். ஒற்றை அடுக்கு மலிவு டோம் வேண்டாம். விடியற்காலையில் உள்ளே வியர்த்துச் சொட்டும், ஒழுகுகிறது என்று நினைப்பீர்கள்.

படி 3: துணி. வெளி உறைக்கு நீர் தாங்கும் அளவு (எவ்வளவு உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் துணி ஒழுகாமல் தாங்கும் என்பது) 1500 மி.மீ., தரைக்கு 3000 மி.மீ. போதும். நைலான் நனைந்தால் தளரும், நள்ளிரவில் எழுந்து இழுத்துக்கட்ட வேண்டிவரும். பாலியெஸ்டர் அவ்வளவு தளராது. வாங்கியதும் வீட்டு மாடியில் விரித்து, தையல்களின் மேல் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

படி 4: நங்கூரம். கூடவே வரும் ஒரு சாண் முளைகள் மணலில் வெண்ணெயில் குத்திய ஊசிதான். ஐந்து கிலோ பிடிக்கும் காலி அரிசிப் பை எட்டு எடுத்துக்கொள்ளுங்கள், எடை ஒன்றும் இல்லை. மணல் நிரப்பி வாயைக் கட்டி, நடுவில் கயிற்றைச் சுற்றி, ஒன்றரை அடிக் குழியில் கயிற்றுக்குக் குறுக்காகக் கிடத்துங்கள். குழியிலிருந்து கூடாரம் நோக்கி ஒரு சாய்வான வெட்டு வெட்டி அதன் வழியே கயிற்றைக் கொண்டுவாருங்கள். கயிறு நேராக மேலே போனால் பை கிளம்பிவிடும். ஈர மணலைப் போட்டு மிதியுங்கள். காற்று வரும் பக்க மூலைகளுக்கு இரண்டிரண்டு பை. மணல் காய்ந்ததும் இளகும், மறுபடி இறுக்குங்கள்.

படி 5: இடம். கால்மாட்டுப் பக்கம் காற்றைப் பார்க்க, வாசல் மறுபக்கம். அகலப் பக்கத்தைக் காட்டினால் கம்பி வளையும். அலை ஏறி ஒதுக்கிய பாசிக் கோட்டுக்கு நன்றாக மேலே, பனைக்கும் சவுக்குக்கும் நேர் கீழே இல்லாமல். சீமைக்கருவேல முள்ளைப் பெருக்கித் தள்ளியபின் அடிவிரிப்பு போடுங்கள். அது கூடாரத் தரையைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத்தண்ணீரைப் பிடித்து அடியில் தேக்கும்.

மன்னார் வளைகுடாத் தீவுகளில் தங்கும் எண்ணமே வேண்டாம். தேசியப் பூங்கா அது. பாம்பனில் எந்த எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தாலும் அன்று கரையில் தங்காதீர்கள்.

படி 6: திரும்பியபின். ஜிப், கம்பி மூட்டு எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள். உப்போடு விட்டால் ஜிப் முதலில் போகும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பாலியூரித்தேன் பூச்சு பிசுபிசுத்து உரிந்துவிடும், அடுத்த வாடைக்கு அந்தக் கூடாரம் ஆகாது.