ரோட்டரி எஞ்சினை வீட்டிலேயே புதுப்பிக்க: பிரிக்கும் முன் போட வேண்டிய கணக்கு

"எவ்வளவு ஆகும், அண்ணா?" தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் ரோட்டரி எஞ்சின் கொண்ட மாஸ்டா ஆர்எக்ஸ்-8 கார் வைத்திருக்கும் தம்பிகள் முதலில் கேட்பது இதைத்தான். எஞ்சினைத் திறந்து பார்க்காமலேயே இதற்கு ஒரே தொகையாகப் பதில் சொல்பவரை நம்பாதீர்கள். அவர் சோதிடம் சொல்கிறார், அல்லது எதையோ விற்கப் பார்க்கிறார்.

சாதாரண பிஸ்டன் எஞ்சினில் சிலிண்டர் தேய்ந்தால், ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு லேத் பட்டறையில் கொடுத்துக் குடைந்து, ஒரு சுற்றுப் பெரிய பிஸ்டன் போட்டு ஓட்டிவிடலாம். ரோட்டரியில் அந்த வழி கிடையாது. இதில் பிஸ்டனுக்குப் பதிலாக ரோட்டார் என்ற முக்கோண உறுப்பு சுழலும். அது சுழலும் கூடான ஹவுசிங்கின் உட்சுவர் நடுவில் ஒடுங்கிய நீள்வட்டம். அலுமினிய வார்ப்பு, அதற்குள் மெல்லிய எஃகுத் தகடு, அதன் மேல் குரோமியப் பூச்சு. பூச்சு உரிந்துவிட்டால் உள்ளூர்ப் பட்டறைக்காரரால் ஒன்றும் செய்ய முடியாது. ஹவுசிங்கை மாற்றத்தான் வேண்டும். ஒரு எஞ்சினுக்கு இரண்டு ஹவுசிங். மொத்தச் செலவை ஏற்றுவதும் இறக்குவதும் இவைதான். மற்றவற்றை ஓரளவு முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம்.

ஆகவே இங்கே நான் தரப்போவது விலைப் பட்டியல் அல்ல. எந்தப் பணத்தை எந்தக் கட்டத்தில் செலவழிப்பது, எங்கே நிறுத்திக்கொள்வது என்பதற்கான வரிசை.

முதல் படி: எஞ்சின் உண்மையிலேயே போய்விட்டதா?

ஆர்எக்ஸ்-8 ஸ்டார்ட் ஆக மறுத்தால் உடனே "எஞ்சின் போச்சு" என்று தெருவே தீர்ப்பு எழுதிவிடும். பல நேரம் குற்றவாளி இக்னிஷன் காயில்தான். பிளக் நனைந்து அடைத்திருக்கலாம், பாட்டரி தளர்ந்திருக்கலாம், ஸ்டார்ட்டர் மோட்டார் மெதுவாகச் சுற்றலாம். முதல் செலவை இங்கே வையுங்கள்: நல்ல பாட்டரி, புதிய பிளக், சோதித்த காயில். இவற்றில் எதுவும் வீண் போகாது. எஞ்சினைப் புதுப்பித்தாலும் இவை எப்படியும் தேவை.

அடுத்தது கம்ப்ரஷன் சோதனை, அதாவது எஞ்சினுக்குள் காற்று எவ்வளவு அழுத்தம் பெறுகிறது என்று அளப்பது. ஒவ்வொரு ரோட்டாருக்கும் மூன்று முகங்கள். ஒவ்வொரு முகத்துக்கும் தனி அளவு வேண்டும். சாதாரண மானியில் ஒருவழி வால்வு இருப்பதால் மூன்றில் எது அதிகமோ அதை மட்டும் காட்டி, மற்ற இரண்டையும் மறைத்துவிடும். அந்த வால்வைக் கழற்றிவிட்டுச் சுற்றினால் முள் மூன்று முறை துள்ளுவதைப் பார்க்கலாம். மூன்றும் சமமாகத் துள்ளினால் ஓரளவு நிம்மதி. இரண்டு உயர்ந்து ஒன்று படுத்தால் அந்த முகத்தின் சீல் (அழுத்தம் கசியாமல் அடைக்கும் பட்டை) உடைந்திருக்கலாம். இது பார்வைக் கணக்குதான். பணத்தைப் பற்றி முடிவெடுக்க, ரோட்டரிக்கென்றே உள்ள மின்னணுக் கருவி வைத்திருப்பவரிடம் கட்டணம் கொடுத்து அளந்து, எண்களைத் தாளில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்எக்ஸ்-8-க்கு நிமிடத்துக்கு 250 சுழற்சியில் சதுர செ.மீ.க்கு 8.5 கிலோ என்பது நிலையான அளவு, 6.9 கிலோவுக்குக் கீழே போனால் எஞ்சின் வேலை கேட்கிறது என்று பொருள்.

ஜோகன்னஸ்பர்க்கில் அளந்த தாளைக் காட்டி யாராவது கார் விற்க வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். அந்த நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு. கடலோர டர்பனில் 8.5 காட்டும் எஞ்சின் அங்கே ஏறத்தாழ 7-தான் காட்டும். அந்த எண்ணைப் பார்த்துப் பயந்து நல்ல காரை விட்டவர்களும் உண்டு. மறுபக்கம், "உயரத்தால்தான் குறைவு" என்ற சாக்கை நம்பி 5 காட்டிய காரை வாங்கியவர்களும் உண்டு.

இரண்டாம் படி: மூன்று பத்தி போடுங்கள்

நோட்டுப் புத்தகமோ கணினியோ, எதுவானாலும் சரி. ஒவ்வொரு வரியிலும் ஓர் உறுப்பு. எதிரே மூன்று பத்தி: "உறுதி", "ஒருவேளை", "மோசம்". எஞ்சின் எந்த நிலையில் இருந்தாலும் வாங்கியே தீர வேண்டியது உறுதியில் போகும். திறந்தபின்தான் தெரியும் என்பது ஒருவேளையில். ஹவுசிங், அதை இருபுறமும் மூடும் பக்கத் தகடு, ரோட்டார் ஆகிய மூன்றின் முழு விலை மோசத்தில்.

மூன்று பத்திகளையும் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகை உங்களிடம் இல்லையென்றால் எஞ்சினை இன்று இறக்காதீர்கள். கராஜில் பாதியில் நிற்கும் கார் பெரும்பாலும் திறமைக் குறைவால் நிற்பதில்லை. மூன்றாம் பத்தியை எழுதாததால் நிற்கிறது.

மூன்றாம் படி: உறுதிப் பத்தி

இரண்டு ரோட்டார் எஞ்சினுக்கு அபெக்ஸ் சீல் (ரோட்டாரின் முனைகளில்) 6, சைடு சீல் (பக்கங்களில்) 12, கார்னர் சீல் (இவை சந்திக்கும் மூலைகளில்) 12. இவை ஒவ்வொன்றின் அடியிலும் ஸ்பிரிங். எண்ணெய் வளையம் 8. இவை தவிர குளிர்நீர்ச் சீல்கள், ஓ-ரிங்குகள், கேஸ்கெட்டுகள், பின்பக்க எண்ணெய் சீல்.

ரப்பர் என்றால் அனைத்தும் புதிது. ஸ்பிரிங் என்றால் அனைத்தும் புதிது. அபெக்ஸ் சீலும் புதிது. இதில் பேரம் வேண்டாம். சைடு சீலிலும் கார்னர் சீலிலும் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம்: பழையது அளவுக்குள் இருந்தால் அதே இடத்தில் திரும்பப் போடலாம். அதனால் அவற்றை ஒருவேளைப் பத்தியில் எழுதுங்கள். முழுத் தொகுப்பாக வாங்கினால் மலிவு என்று விற்பவர் சொல்வார். சில சமயம் உண்மைதான். ஆனால் ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியாக விலை விசாரித்துக் கூட்டிப் பார்த்துவிட்டு நம்புங்கள். பெயர் தெரியாத அபெக்ஸ் சீல் பாதி விலைக்குக் கிடைக்கும். மென்மையான உலோகம் என்றால் வளையும், கடினமானது என்றால் குரோமியத்தைச் சுரண்டும். சில நூறு ரேண்ட் மிச்சப்படுத்தப்போய் இரண்டு ஹவுசிங்கைப் பறிகொடுக்கும் வியாபாரம் அது.

நான்காம் படி: கருவிகளில் எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது

எஞ்சின் கிரேன் வாடகைக்கு. இறக்க ஒரு நாள், ஏற்ற ஒரு நாள். இடையில் உங்கள் கராஜில் சும்மா நிற்கும் கிரேனுக்கு நாள் வாடகை கட்டாதீர்கள். ஃப்ளைவீல் நட்டு 54 மி.மீ.; அதை இறுக்க 392 முதல் 490 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கு வேண்டும். அந்த சாக்கெட்டை வாழ்நாளில் வேறெதற்கும் பயன்படுத்த மாட்டீர்கள். கேட்டு வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுங்கள். நம் ஊரில் ரோட்டரிக்காரர்கள் ஒருவருக்கொருவர் கருவி கொடுக்கத் தயங்குவதில்லை. கழுவித் திருப்பித் தருபவருக்கு மறுமுறையும் கிடைக்கும்.

ஃபீலர் கேஜ், டார்க் ரெஞ்ச், வெர்னியர் காலிபர் மூன்றையும் சொந்தமாகவே வாங்குங்கள். டயல் கேஜையும் சேர்த்தால் நல்லது. ரோட்டார்கள் சுழற்றும் தண்டான எக்சென்ட்ரிக் ஷாஃப்டின் முன்பின் அசைவு 0.04 முதல் 0.07 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதைக் கண்ணால் அளக்க முடியாது.

ஐந்தாம் படி: திறந்து பார்த்துக் கணக்கைத் திருத்துவது

இந்த எஞ்சின் இட்லித் தட்டுகளை அடுக்கியதுபோல அடுக்கடுக்காக வரும்: தகடு, ஹவுசிங், தகடு, ஹவுசிங், தகடு. நீண்ட போல்ட்டுகள் எல்லாவற்றையும் ஊடுருவிப் பிடித்திருக்கும். சுற்று முறைப்படி சிறிது சிறிதாகத் தளர்த்திக் கழற்றுங்கள். ஒவ்வொரு சீலும் எந்த ரோட்டாரில், எந்தப் பள்ளத்தில் இருந்தது என்று எழுதிய உறையில் போடுங்கள். வெற்று உறைகளுக்கு ஆகும் செலவு மிகச் சிறியது. கலந்துபோன சைடு சீலோ அளவெடுத்தாலும் பயன்படாது.

இனி நகத்தால் பாருங்கள். ஹவுசிங்கில் பிளக் துளைகளைச் சுற்றியும், சுவரின் இரு ஓரங்களிலும் விரல் நகத்தை மெல்ல ஓட்டுங்கள். வெள்ளிப் பளபளப்பு திடீரென மங்கிச் சாம்பல் நிறமாகும் இடத்தில் நகம் தடுக்கினால் பூச்சு உரிந்திருக்கிறது. ஓரத்தில் ஊசிமுனை அளவு உரிவு என்றால் வீதியில் ஓட்டும் காருக்குப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. நடுவில், அபெக்ஸ் சீல் ஓடும் பாதையில் உரிந்திருந்தால் ஹவுசிங்கை ஓரமாக வைத்துவிடுங்கள். எஞ்சின் எண் பொறித்த உறுப்பை மாற்ற நேர்ந்தால் காவல்துறைச் சான்று, பதிவுத் திருத்தம் இவற்றுக்கான அலைச்சலையும் கட்டணத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

பக்கத் தகடுகளில் சைடு சீல் உரசிய தடம் படிபோல இருக்கும். 0.10 மி.மீ.க்கு மேல் ஆழமென்றால் வேலை உண்டு. ஆனால் இங்கே ஒரு நல்ல செய்தி: இது வார்ப்பிரும்பு, தேய்த்துச் சமப்படுத்த வழியுண்டு. முன் அனுபவம் உள்ள பட்டறைதான் செய்ய வேண்டும். செய்தபின் மேற்பரப்பை மீண்டும் கடினப்படுத்தும் செலவையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குளிர்நீர்ச் சீல் அமரும் பள்ளத்தின் சுவரில் வெடிப்போ துருவோ இருந்தால் தகடே மாற்றம்.

புதிய சைடு சீல் வாங்கினால் அது பெரும்பாலும் சற்று நீளமாக வரும். கார்னர் சீலுக்கும் அதற்கும் இடையே 0.05 முதல் 0.15 மி.மீ. இடைவெளி வரும்வரை உரசிக் குறைக்க வேண்டும். ஒரு முறை கூடுதலாக உரசிவிட்டால் அந்த சீல் கதை முடிந்தது. முதல்முறை செய்பவர் இரண்டு சைடு சீலாவது உபரியாக வாங்குவது புத்திசாலித்தனம்.

டர்பன்காரர்களுக்கு மட்டும் ஒரு வரி: கழுவிக் காயவைத்த இரும்புத் தகட்டை எண்ணெய் பூசாமல் இரவு விட்டால் காலையில் செந்நிறம் பூத்திருக்கும். கடற்காற்று யாருக்கும் தவணை கொடுப்பதில்லை. எண்ணெய், பெரிய பிளாஸ்டிக் பை இரண்டையும் பட்டியலில் சேருங்கள். சீல்களைப் பள்ளத்தில் நிறுத்தி வைக்க வாசலீன் போதும். விலையுயர்ந்த பசை எதுவும் வேண்டாம்.

ஆறாம் படி: கப்பலில் வரும் பொருளின் உண்மையான விலை

சீல்கள் பெரும்பாலும் ஜப்பான், அமெரிக்கா, ஆஸ்திரேலியாவிலிருந்துதான் வரும். இணையத்தில் பார்த்த விலையை ரேண்டுக்கு மாற்றி எழுதிவிட்டு மகிழ்ந்துவிடாதீர்கள். சுங்கத்தில் மதிப்புக் கூட்டு வரி 15% பொருளின் விலைமீது மட்டும் போடப்படுவதில்லை. விலையோடு அதில் 10% கூட்டி, சுங்கத் தீர்வையையும் கூட்டி, வரும் தொகைமீது போடுவார்கள்.

10,000 ரேண்ட் மதிப்புள்ள பொருளுக்குத் தீர்வை 20% என்று வைத்துக்கொள்வோம். தீர்வை 2,000. வரிக்கான அடிப்படை 10,000 + 1,000 + 2,000 = 13,000. அதில் 15% என்றால் 1,950. ஆக, கூரியர் கட்டணமும் சுங்கம் விடுவிக்கும் கட்டணமும் சேருமுன்பே 13,950 ஆகிவிட்டது. தீர்வை விகிதம் பொருளின் வகையைப் பொறுத்து மாறும். சில பொருளுக்குத் தீர்வையே இருக்காது. ஆர்டர் போடும் முன் கூரியர் நிறுவனத்திடமே கேளுங்கள்.

நாணய மாற்றும் சும்மா இருக்காது. டாலருக்கு 18 ரேண்ட் என்று கணக்குப் போட்டு, வாங்கும் நாளில் 19 ஆகிவிட்டால் 1,000 டாலர் பொருளுக்கு 1,000 ரேண்ட் கூடுதல். அதனால் உறுதிப் பத்திப் பொருள்களை எஞ்சினை இறக்கும் முன்பே ஒரே பெட்டியில் தருவித்துவிடுங்கள். ஒருவேளைப் பத்திக்கு இரண்டாவது பெட்டி. மூன்றாவது பெட்டி வராமல் பார்த்துக்கொள்வதுதான் சாமர்த்தியம். ஒவ்வொரு பெட்டிக்கும் கூரியர் கட்டணம் தனி.

ஏழாம் படி: எஞ்சினைக் கொன்றது எது?

புதிய சீல் போட்ட எஞ்சினைப் பழைய நோயோடு காரில் ஏற்றினால் மறுபடியும் அதே கதைதான். குளிர்நீர் கொதித்துப் போனதென்றால் ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், குழாய்கள். புகைக்குழாயில் உள்ள வினையூக்கி மாற்றி அடைத்து வெப்பம் தேங்கியதென்றால் அதற்கான செலவு. எண்ணெய் செலுத்தும் பம்ப் சரியாக ஊட்டவில்லையென்றால் அது. இந்த வரிக்குப் பணம் ஒதுக்காத பட்ஜெட்டை நான் பட்ஜெட் என்றே ஒப்புக்கொள்வதில்லை.

எப்போது தொடங்குவது

டிசம்பர் போனஸ் வந்ததும் கை அரிக்கும். ஆனால் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை பட்டறைகள் பெரும்பாலும் மூடிக் கிடக்கும். போனஸ் பணத்தில் பொருள்களை வாங்கி வைத்துவிட்டு, பிப்ரவரியில் எஞ்சினை இறக்குங்கள். புழுக்கம் இருக்கும், பட்டறைக்காரர் தொலைபேசியை எடுப்பார்.

கடைசி வரி: ஓட்டிப் பழக்கும் செலவு

கட்டி முடித்ததும் கணக்கை மூடிவிடாதீர்கள். முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை நிமிடத்துக்கு 4,000 சுழற்சிக்கு மேல் மிதிக்காமல், சாதாரண மினரல் எண்ணெயில் ஓட்ட வேண்டும். இடையில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றம். பெட்ரோலில் கலக்க இருவீச்சு எஞ்சின் எண்ணெய் தனி. பைன்டவுனிலிருந்து மேலே ஏறும் ஃபீல்ட்ஸ் ஹில் பக்கம் போகாமல், எம்4 கடலோரச் சாலையில் உம்லங்கா, உம்ட்லோட்டி என்று நிதானமாக ஓட்டுங்கள். நூறு கிலோமீட்டருக்கு 13 லிட்டர் என்று தாராளமாக நல்லெண்ணம் வைத்தாலும் 130 லிட்டர் பெட்ரோல் ஆகும். இழுத்து வரும் வண்டிக்கு ஒருமுறைக்கான கட்டணத்தையும் அதன் கீழேயே எழுதிவிடுங்கள். தேவைப்படாவிட்டால் அந்தப் பணத்தில் மீண்டும் ஒரு கம்ப்ரஷன் சோதனை செய்துகொள்ளலாம்.